61 துளைகள்

பல்லேகல, குண்டசாலை, திகன பக்கத்து உறவுகளுக்கும் எங்கள் பாடசாலைப் பெற்றோருக்கும் இந்தப் பதிவு.

கண்காட்சியில் பிள்ளைகள் வைத்த ரேடியோப் பெட்டிகளின் படங்களைப் போட்ட நாளிலிருந்து எனக்கு வரும் கேள்வி ஒன்றேதான். "சேர், அந்த ஸ்பீக்கர் துளைகளை எந்த மெஷினில் வெட்டினீர்கள்?" கொழும்புக்கு அனுப்பி லேசரில் வெட்டி எடுத்தோம் என்று சிலர் முடிவே கட்டிவிட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கவராயம், அடிமட்டம், பாகைமானி, ஒரு கூர் ஆணி, வீட்டில் சுவரில் துளை போடுகிற சாதாரண ட்ரில் மெஷின். இவ்வளவுதான் எங்களிடம் இருந்தது. தனித்தனியாகப் பதில் எழுதி முடியாததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், இந்தக் காலத்தில் எதற்கு ரேடியோ?

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா சூறாவளி கரையேறிய நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டங்களில் எங்கள் கண்டியும் ஒன்று. முதலில் கரண்ட் போனது. டவர்களில் இருந்த பெற்றரி தீர்ந்ததும் சிக்னல் போனது. கையில் விலை உயர்ந்த போன் இருந்தும் பக்கத்து மலையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. எங்கள் ஒழுங்கையில் ஒரு த்ரீவீலரின் ரேடியோவைச் சுற்றித்தான் எல்லோரும் நின்றோம். சிங்களத்தில் வந்ததை நாங்கள் தமிழில் சொன்னோம், தமிழில் வந்ததை அவர்களுக்குச் சிங்களத்தில் சொன்னோம்.

2018 மார்ச்சும் அப்போது நினைவுக்கு வந்தது. ஊரடங்கு போட்டிருந்தார்கள். 7ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். அன்றும் வீட்டுக்குள் இருந்தவர்களுக்கு வெளியில் இருந்து வந்த குரல் ரேடியோவும் டீவியும்தான். ஏழு வருட இடைவெளியில் இரண்டு தரம் போன் கை கொடுக்காத நாட்களைக் கண்ட ஊர் நாங்கள்.

பாடசாலை திரும்பத் திறந்த பிறகு தரம் 10, 11 பிள்ளைகளுடன் உட்கார்ந்து பேசினோம். மேட்டுப் பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கொரு ரேடியோ செய்து கொடுப்பது என்று முடிவானது. கடையில் கிடைக்கும் சிறிய எப்.எம் கிட், அதற்கு ஒரு எல்எம்386 அம்ப்ளிஃபயர், பென்டோர்ச் பெற்றரி 4, பழுதான டீவிகளில் இருந்தும் செட்களில் இருந்தும் கழற்றிய 3 அங்குல ஸ்பீக்கர். பெட்டிக்குப் பழைய தேயிலைப் பெட்டியின் பலகை. முன்பு தோட்டங்களில் தேயிலை ஏற்றிய அந்த மெல்லிய ப்ளைவுட் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் பழைய புத்தகம் போட்டு வைக்க இருக்கின்றன. கேட்டதும் தந்தார்கள்.

ஸ்பீக்கரை வெறுமனே மேசையில் வைத்தால் சத்தம் மெலிந்து போகும். கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன்னால் போகும் அலையும் பின்னால் போகும் அலையும் ஓரத்தைச் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கனமான சத்தங்கள்தான் முதலில் காணாமல் போகும். பெட்டி அந்த இரண்டையும் பிரித்து வைக்கிறது. ஆனால் பெட்டியின் முகத்தில் துளை இல்லாவிட்டால் சத்தம் வெளியே வராது. துளை போதாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே சோதித்துப் பார்த்தார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். மண்சரிவு எச்சரிக்கையை தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள், அம்பர், சிவப்பு என்று மூன்று படிகள். ரேடியோவில் அந்தப் பட்டியலை வாசிப்பார்கள். எங்கள் மாவட்டப் பெயர்களை ஒரு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உடதும்பர, மெததும்பர, பாத்ததும்பர. உடுநுவர, யட்டிநுவர. முன்னால் இருக்கும் ஓரிரு எழுத்துதான் வித்தியாசம். அந்த எழுத்து கேட்காவிட்டால் "தும்பர" மட்டும்தான் மிஞ்சும். வெளியேற வேண்டியது நாமா, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களா என்று தெரியாது.

பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் இருக்கிறது. த, ச, ட, ப என்று ஒரு சொல்லை இன்னொரு சொல்லில் இருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளுக்கு 2000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள சத்தம் முக்கியம். துளைகளின் மொத்தத் திறப்பு குறைந்தால் முதலில் அடிபடுவது இந்த உயர்ந்த பகுதிதான். ஆள் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறார் என்பது விளங்காது. வயது போகப் போகக் காதிலும் அதே பகுதிதான் முதலில் குறைகிறது. ஆகவே மூடுண்ட பெட்டியை ஒரு மூத்தம்மாவிடம் கொடுத்தால் இரண்டு தடை சேர்ந்துவிடும்.

சோதனைக்காக ஒரு பலகையில் நடுவில் 1, சுற்றி 6 என்று 7 துளை மட்டும் போட்டோம். மற்றதில் 61. இரண்டுக்கும் ஒரே ஸ்பீக்கர், ஒரே சத்த அளவு. ஒரு பிள்ளை பக்கத்து அறையில் இருந்து மைக்கில் பிரதேச செயலகப் பெயர்களை மாற்றி மாற்றி வாசிக்க, மற்றவர்கள் கேட்டதை எழுதினார்கள். 7 துளைப் பெட்டியில் மெததும்பரவும் பாத்ததும்பரவும் இடம் மாறி மாறி வந்தன. 61 துளைப் பெட்டியில் தயங்காமல் எழுதினார்கள். அதற்குப் பிறகு "எதற்கு சேர் இவ்வளவு துளை?" என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஏன் 61? இது கணக்குப் பாடம். நடுவில் 1. அதைச் சுற்றி 6, அடுத்தது 12, பிறகு 18, பிறகு 24. கூட்டினால் 61. ஒரு நாணயத்தைச் சுற்றி அதே அளவு நாணயங்களை இடைவெளி இல்லாமல் அடுக்கினால் சரியாக 6தான் வரும், அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான் இது.

எங்கள் தரம் 10 பிள்ளை ஒருத்தி முதலில் இதை வட்ட வட்டமாக வரைந்தாள். 7, 14, 21, 28 மில்லிமீற்றர் ஆரையில் நான்கு வட்டம். கவராயத்தை ஆரை அளவிலேயே வைத்து வட்டத்தில் நடந்தால் 6 புள்ளி. ஒவ்வொரு கோணத்தையும் பாதியாக்கினால் 12. இன்னொரு தரம் பாதியாக்கினால் 24. ஆனால் மூன்றாவது வட்டத்துக்கு 18 வேண்டும். அதற்கு 60 பாகையை மூன்றாகப் பிரிக்க வேண்டும். இரண்டு நாள் முயன்றுவிட்டு, "சேர், 20 பாகை மட்டும் கவராயத்தில் வருகுதே இல்ல" என்று கொப்பியைக் கொண்டு வந்தாள்.

அவளுக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அது யாருக்கும் வராது. கிரேக்கர் காலத்தில் இருந்து முயன்றிருக்கிறார்கள். அடிமட்டமும் கவராயமும் மட்டும் வைத்து 60 பாகையை மூன்றாகப் பிரிக்க முடியாது என்று 1837இல் பிரான்ஸ் நாட்டு வான்ட்செல் நிரூபித்தார். "முடியாது என்றதையும் நிரூபிக்கலாமா சேர்?" என்று கேட்டாள். இத்தனை வருடம் கேத்திரகணிதம் படிப்பித்ததில் எனக்குக் கிடைத்த நல்ல கேள்விகளில் அது ஒன்று. பிறகு பாகைமானியை எடுத்து வேலையை முடிக்கலாமா என்று பார்த்தோம். அவளே வேறு வழி கண்டாள். வட்டங்களை விட்டுவிட்டு, சமபக்க முக்கோணங்களால் தாளை நிரப்பினாள். கோடுகள் வெட்டும் இடமெல்லாம் துளை. வரிக்கு 5, 6, 7, 8, 9, 8, 7, 6, 5. கூட்டிப் பாருங்கள், அதுவும் 61தான். வடிவம் வட்டத்துக்குப் பதிலாக அறுகோணம். பள்ளிவாசல் ஜன்னல்களிலும் மிம்பர் மரவேலையிலும் நாங்கள் பார்க்கும் அறுகோணக் கோலங்களும் இதே கவராய வேலையில் இருந்து பிறந்தவைதான்.

துளையின் அளவு அடுத்த கேள்வி. மையத்துக்கு மையம் 7 மில்லிமீற்றர். அந்த அடுக்கில் 3 மில்லிமீற்றர் துளை போட்டால் பரப்பில் சுமார் 17 வீதம் திறந்திருக்கும். 4 என்றால் 30. 5 என்றால் 46. சத்தத்துக்கு 5தான் நல்லது. ஆனால் இரண்டு துளைக்கு நடுவில் 2 மில்லிமீற்றர் மரம்தான் மிஞ்சும், பழைய ப்ளைவுட் அதில் பிய்ந்து போகும். ஆகவே 4. நடுவில் 3 மில்லிமீற்றர் மரம் நிற்கும். பிளாஸ்டிக் பெட்டியில் செய்பவர்கள் 5 போடலாம்.

இனி கை வேலை. இதைப் படிப்பித்தவர் நான் அல்ல. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தச்சு வேலை பாஸ் உன்னஹே. எழுபது வயது தாண்டியவர். 2018இல் அந்த நாட்களில் இரவெல்லாம் எங்கள் வீட்டுக் கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் அவரும் ஒருவர். அதைப் பற்றி அவரும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை. பாடசாலைக்கு வரச் சொன்னதும் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அவர் காட்டிய முறை இது:

வரைந்த தாளைப் பலகையில் மெல்லிய பசையால் ஒட்ட வேண்டும். புள்ளிகளைப் பலகையில் நேரடியாகக் குறிக்கக் கூடாது, பென்சில் கோடு மரத்தின் ரேகையில் வழுக்கும்.

ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியை வைத்து லேசாக ஒரே ஒரு தட்டு. சின்னக் குழி விழ வேண்டும். அந்தக் குழி இல்லாமல் ட்ரில் அலகை வைத்தால் அது தன் இஷ்டத்துக்கு ஓடும். வரிசையில் ஒரு துளை அரை மில்லிமீற்றர் விலகினாலும் கண் உடனே பிடித்துவிடும். துளைகள் தனித்தனியாக எப்படி இருந்தாலும் மன்னிக்கும் கண், வரிசை கலைந்தால் மன்னிக்காது.

முதலில் 2 மில்லிமீற்றர் அலகால் 61 துளை. பிறகு 4 மில்லிமீற்றர் அலகால் அதே 61. சின்ன அலகு வழி போட்டு வைத்தால் பெரிய அலகு அந்த வழியே போகும். நேரடியாக 4 போடப் பார்த்த பையன்களை பாஸ் கையில் மெல்லத் தட்டினார். "அவசரக்காரனுக்குப் பலகை இரண்டு தரம் செலவு" என்றார் சிங்களத்தில்.

பலகையின் கீழே ஒரு கழிவுப் பலகையை இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அலகு வெளியே வரும் பக்கத்தில் மரம் பிளந்து சிலும்பும். அலகு வெளியே வரும் தருணத்தில் கையின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும்.

கடைசியில் ஒரு மரக்கட்டையில் சாண்ட் பேப்பரைச் சுற்றித் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் துளையின் ஓரம் பள்ளமாகும். தாளை ஈரத் துணியால் ஊற வைத்து உரித்து எடுக்கலாம்.

இன்னொன்று, வீட்டில் செய்பவர்கள் கட்டாயம் கவனியுங்கள். ஸ்பீக்கரைப் பூட்டிய பிறகு துளை போடவே கூடாது. தகரப் பெட்டியென்றால் இரும்புத் தூள் காந்தத்தில் போய் ஒட்டும். காந்தத்துக்கும் சுருளுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிக மிகச் சிறியது. ஒரு துகள் புகுந்தாலும் ஆயுள் முழுக்க கரகரவென்று சத்தம் வரும். மரத் தூளையும் நன்றாக ஊதித் துடைத்த பிறகே ஸ்பீக்கர் மேசைக்கு வர வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போடாத பிள்ளைக்கு ட்ரில்லைக் கொடுக்காதீர்கள்.

வேலை நடக்கும்போது ஒரு மாணவன் நியாயமான கேள்வி ஒன்று கேட்டான். "சேர், நடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம் வெட்டி மேலே மெல்லிய துணி போட்டால் சத்தம் இன்னும் தெளிவாக வருமே. அந்தக் காலத்து வால்வ் ரேடியோவில் துணிதானே?"

சரியான கேள்வி. ஐதாக நெய்த துணி சத்தத்தை அதிகம் மறிக்காது. சத்தத்தை மட்டும் பார்த்தால் அவன் சொன்னது சரி. ஒரு பலகை பிளந்தபோது அப்படியே செய்தும் இருக்கிறோம். எலியும் பூச்சியும் துணியை விட்டு வைக்காது என்பது ஒரு காரணம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு.

நிவாரணம் என்று எங்கள் ஊருக்கு வந்த சாமான்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அல்லாஹ் கொடுத்தவர்களுக்கு நற்கூலி கொடுக்கட்டும். அதிலே நல்லவையும் இருந்தன, பொத்தான் இல்லாத சட்டைகளும் இருந்தன. வாங்குகிறவர் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஆனால் அந்தச் சாமான் வீட்டில் எங்கே போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். கோணல் மாணலாகத் துளை போட்ட ஒரு பெட்டியைக் கொடுத்தால் சிரித்த முகத்தோடு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைப்பார்கள். அங்கே பெற்றரி கசிந்து செட் பழுதாகும். அடுத்த மழைக்கு அது உதவாது. திருத்தமாகச் செய்த பெட்டி மண்டபத்தில், கண்ணாடி அலுமாரியின் மேல் நிற்கும். வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். தினமும் போடுவார்கள். பெற்றரி தீர்ந்தால் அன்றே மாற்றுவார்கள். ஆபத்து வரும் இரவில் வேலை செய்வது தினமும் வேலை செய்து வந்த ரேடியோதான்.

எடுத்த வேலையைத் திருத்தமாகச் செய்வதற்கு எங்கள் மார்க்கத்தில் இத்கான் என்று ஒரு சொல் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அதை நான் பிரசங்கமாகச் சொல்லவில்லை. 122 தரம் ட்ரில்லைப் பிடித்த பிறகு சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

எங்கள் நாட்டு ஒலிபரப்பே இப்படிக் கைக்குக் கிடைத்ததை வைத்துத் தொடங்கியதுதான். 1920களின் தொடக்கத்தில் தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு முதல் பரிசோதனை ஒலிபரப்பைச் செய்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அதற்குச் சரியாக நூறு வருடம் நிறைந்த டிசம்பரில்தான் நாங்கள் சேற்றில் இருந்து வீடுகளைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

மொத்தம் 14 பெட்டி முடிந்தது. பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். முஸ்லிம் வீடு, சிங்கள வீடு, தோட்டத்து லயத்தில் தமிழ் வீடு என்று பார்க்கவில்லை. மேட்டில் இருப்பவர், தனியாக இருப்பவர், வயது போனவர், இந்த மூன்றைத்தான் பார்த்தோம். ஒவ்வொரு பெட்டியின் பின்புறத்திலும் அந்த வீட்டின் பிரதேச செயலகப் பிரிவின் பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம். எச்சரிக்கை வாசிக்கும்போது எந்தப் பெயருக்குக் காது கொடுக்க வேண்டும் என்று தெரிய வேண்டுமே. முஸ்லிம் வீடுகளில் இன்னொரு பயனையும் அவர்களே கண்டுபிடித்துச் சொன்னார்கள். கரண்ட் இல்லாத நோன்பு நாளிலும் முஸ்லிம் சேவையில் மஃரிப் அதான் கேட்டு நோன்பு திறக்கலாம்.

அதன் பிறகு ஒரு இரவு நல்ல மழை. எனக்கும் தூக்கம் வரவில்லை. காலையில் மேட்டு வீட்டு உம்மும்மா ஒருவர் பேரனின் போனில் இருந்து அழைத்தார். ஏதோ நடந்துவிட்டது என்று பதறித்தான் எடுத்தேன்.

"சேர், ராவைக்கு ரேடியோவுல பேர் வாசிச்சாங்க. மெததும்பர என்டு சொன்னாங்க, மத்தப் பேர்களும் சொன்னாங்க. எங்கட குண்டசாலை இல்ல. ரெண்டு தரம் நல்லாக் கேட்டேன். பொறகு நான் படுத்துட்டேன். அதச் சொல்லத்தான் எடுத்தேன்."

நவம்பருக்குப் பிறகு மழைச் சத்தம் கேட்டாலே இரவு முழுக்கத் தஸ்பீஹோடு கதவடியில் உட்கார்ந்திருந்தவர் அவர். அவருக்கு ஒரு இரவு தூக்கம் கிடைத்தது. பெயர் வந்திருந்தால் பேரனை எழுப்பிக்கொண்டு இறங்கியிருப்பார். இரண்டுக்கும் தேவைப்பட்டது அந்த முதல் எழுத்துதான்.

இப்போது ஒரு வேண்டுகோள். இன்னும் 20 வீடுகளின் பெயர் எங்கள் பட்டியலில் இருக்கிறது. காசு கேட்கவில்லை. உங்கள் வீட்டில் பழுதான டீவி, கசெட் செட், கார் ஸ்பீக்கர் இருந்தால் எறியாதீர்கள். ஸ்பீக்கரின் கூம்புக் கடதாசி கிழியாமல் இருந்தால் போதும். பழைய தேயிலைப் பெட்டிப் பலகை, ப்ளைவுட் துண்டு எதுவும் உதவும். 4 மில்லிமீற்றர் ட்ரில் அலகு தந்தால் இன்னும் நல்லது, ப்ளைவுட் பசையில் அவை சீக்கிரம் மழுங்கிவிடுகின்றன. சனிக்கிழமை காலையில் பாடசாலை வேலையறை திறந்திருக்கும். பெற்றோரும் வரலாம். பாஸ் உன்னஹேயும் வருவார். உங்கள் பிள்ளை கையில் ஆணியையும் சுத்தியலையும் கொடுத்து முதல் குழியைத் தட்ட வைப்பது அவர் பொறுப்பு.

வீட்டில் தாங்களே செய்து பார்க்க விரும்புபவர்களுக்கு அந்தப் பிள்ளை வரைந்த அறுகோணத் தாளைப் படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன். அச்செடுக்கும்போது அளவு மாறாமல் பாருங்கள். மையத்துக்கு மையம் 7 மில்லிமீற்றர் இருக்கிறதா என்று அடிமட்டம் வைத்துச் சரி பார்த்த பிறகே ஒட்டுங்கள்.

அல்லாஹ் எங்கள் எல்லோருடைய வீடுகளையும் மலைகளையும் பாதுகாப்பானாக.